பேராண்டி, பாலிசியை மட்டும் படிச்சிடாதே!

சம்பளம் ஏறிடுச்சாமே, பேராண்டி! ஏப்ரல்ல இருந்து 20,800 போய் 21,600. மைசூர்பாகு டப்பாவோட வந்து நிக்கிறே. நல்லா இரு. சிப்காட்ல உன் சோட்டுப் பசங்க பல பேரு இன்னும் கான்ட்ராக்ட்டு கார்டை மாட்டிக்கிட்டு அலையறப்ப, உனக்குப் பர்மனெண்ட்டு வேலை, அதுல இன்கிரிமெண்ட்டு வேற. சந்திரசூடேஸ்வரர் மலையேறி ஒரு தேங்கா ஒடைச்சுட்டு வா. ஒடைக்கிறப்ப ஒரு வேண்டுதலையும் சேர்த்துக்கோ: "சாமி, இனிமே எங்க வீட்ல யாருக்கும் ஒரு தும்மல்கூட வரக் கூடாது."

ஏன்னு முழிக்காதே. சம்பளம் 800 ரூபா ஏறுச்சு, ஈ.எஸ்.ஐ.ல இருந்து நீ எறங்கிட்டே.

ஈ.எஸ்.ஐ.க்கு மாசம் 21,000 ரூபாதான் வரம்பு. 2017 ஜனவரி 1ல 15,000த்தை 21,000 ஆக்குனாங்க. அதுக்கப்புறம் நம்ம ராயக்கோட்டைத் தக்காளி எத்தனையோ தடவை ஏறி எறங்கிடுச்சு, இந்த வரம்பு வருஷக்கணக்கா அசையல. ஒசத்தப் போறாங்க, ஒசத்தப் போறாங்கன்னு பேச்சு மட்டும் ஒசந்துக்கிட்டே போச்சு. அந்தக் கோட்டைத் தாண்டினா நீ வசதியானவன்னு சட்டம் முடிவு பண்ணிடும். ஓசூர்ல வீட்டு வாடகை என்னன்னு சட்டத்துக்குத் தெரியாது, பாவம்.

போன மாசம் வரைக்கும் சம்பளச் சீட்டை என் மூஞ்சிக்கு நேரா நீட்டிப் பொலம்புவே, "மாசாமாசம் 156 ரூபா தண்டமாப் பிடிக்கிறாங்க தாத்தா"ன்னு. நூத்துக்கு முக்கா ரூபா உன் பங்கு, மூணேகால் ரூபா கம்பெனி பங்கு. 2019 ஜூலையில குறைச்ச கணக்கு இது. அதுக்கு முந்தி உன்கிட்ட ஒண்ணேமுக்கா, அவங்ககிட்ட நாலேமுக்கா. உன் 156 ரூபாயோட கம்பெனி 676 ரூபா போட்டுச்சு. இனிமே ரெண்டும் கிடையாது. 800ம் 156ம் சேர்த்து 956 ரூபா உனக்கு லாபம். கம்பெனி பக்கம் பாரு. உனக்கு 800 குடுத்தாங்க, ஈ.எஸ்.ஐ.ல 676 மிச்சம் பிடிச்சாங்க. பி.எஃப். கணக்கை விட்டுட்டுப் பார்த்தா அவங்க கையைவிட்டுப் போனது 124 ரூபா. யார் யாருக்கு மைசூர்பாகு குடுக்கணும்னு இப்ப நீயே சொல்லு.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் கொல்லைக்கு யானை எறங்குறது உனக்குத் தெரியும். ஊரே காசு போட்டு ராத்திரிக் காவலுக்கு ஆள் வெச்சுக்குதுன்னு வெச்சுக்கோ. வருஷக் கடைசியில ஒருத்தன் வருவான், "என் கொல்லைக்குத்தான் யானை வரவே இல்லையே, என் காசைத் திருப்பிக் குடு"ன்னு. யானை வராம இருந்ததை நஷ்டம்னு சொல்ற பொறப்பு மனுஷன் ஒருத்தன்தான். உன் 156ம் அந்தக் காவல் காசுதான்.

எதைத் தண்டம்னு சொன்னேன்னு கேளு. ஈ.எஸ்.ஐ.ல வைத்தியச் செலவுக்கு இவ்வளவுதான்னு வரம்பு கிடையாது. உனக்கு, பொண்டாட்டிக்கு, பிள்ளைங்களுக்கு, மாச வருமானம் 9,000 தாண்டாத அப்பா அம்மாவுக்கு, எல்லாருக்கும். படுக்கையில விழாத வியாதிக்கும் மருந்து உண்டு. ஒடம்பு முடியாம வேலைக்குப் போகாட்டி வருஷத்துல 91 நாள் வரைக்கும் சம்பளத்துல நூத்துக்கு 70 கிடைக்கும். காசநோய், புத்துநோய் மாதிரி நீண்ட வியாதிங்களுக்கு அது 80 ஆகி, ரெண்டு வருஷம் வரைக்கும் நீளும். பிள்ளை பெத்தவளுக்கு 26 வாரம் முழுச் சம்பளம். 1952ல கான்பூர்லயும் டெல்லியிலயும் ஆரம்பிச்ச திட்டம் இது. எனக்கும் அதுக்கும் ஒரே வயசு. ரெண்டு பேரையும் நீ மதிச்சதே இல்ல.

அதுக்காக இன்கிரிமெண்ட்டைத் திருப்பிக் குடுத்துட்டு வான்னா சொல்றேன்? வெச்சுக்கோ. எச்.ஆர். ஆபீசர்கிட்ட போய் எதையும் கேக்காம மட்டும் இரு. ஈ.எஸ்.ஐ. கணக்கு ஏப்ரல்ல இருந்து செப்டம்பர், அக்டோபர்ல இருந்து மார்ச்னு ஆறாறு மாசமா ஓடுது. நடுவுல சம்பளம் கோட்டைத் தாண்டினா அந்த ஆறு மாசம் முடியிற வரைக்கும் நீ உள்ளதான் இருப்பே. ஏப்ரல் மொதத் தேதியிலயே ஏத்துனதால மொத நாளே வெளியே வந்துட்டே. மே மாசம் ஏத்தியிருந்தா செப்டம்பர் வரைக்கும் ஓட்டியிருக்கலாம். இதைக் கேட்டா அவருக்குச் சங்கடம்.

இன்னொண்ணையும் தெரிஞ்சுக்காதே. மார்ச்சோட முடிஞ்ச ஆறு மாசத்துல 78 நாளுக்காவது உன் பேர்ல பணம் கட்டியிருந்தா, அதுக்கான பலன் ஜூலையில இருந்து டிசம்பர் வரைக்கும். அதுக்கு முந்தின ஆறு மாசத்துல கட்டினதுக்கு ஜூன் வரைக்கும். அப்படின்னா இந்த டிசம்பர் 31 வரைக்கும் உன் கார்டுக்கு உசுரு இருக்கு. இது தெரிஞ்சா பயம் போயிடும். பயம் போயிட்டா பாலிசி விக்க வர்றவங்க யார்கிட்ட விப்பாங்க?

அப்புறம் 2025 நவம்பர் 21ல நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்துச்சே, அதுல சம்பளம்னா எதுங்கிற கணக்கையே மாத்தியிருக்காங்க. வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி மாதிரி சிலதைச் சம்பளக் கணக்குல இருந்து ஒதுக்கலாம். ஆனா ஒதுக்குனது மொத்தத்துல பாதியைத் தாண்டினா, தாண்டினது திரும்பச் சம்பளத்துலயே வந்து சேரும். பழைய ஈ.எஸ்.ஐ. சட்டத்துல வாடகைப்படியும் சம்பளத்தோட சேர்த்தி. அதனால உன் 21,600ல எதை எடுத்து அந்தக் கோட்டுல வெச்சு அளந்தாங்கன்னு கேட்டுடாதே. ஒருவேளை நீ கோட்டுக்கு உள்ளேயேதான் நிக்கிறேன்னு தெரிஞ்சு போச்சுன்னா, வாங்கின மைசூர்பாகை என்ன பண்றது?

இதெல்லாம் போகட்டும், இன்னொரு வழி இருக்கு. சொன்னா உன் மீசை தாங்குமான்னுதான் யோசிக்கிறேன். உன் பொண்டாட்டி கெலமங்கலம் பக்கம் போன் பாகம் செய்யிற கம்பெனிக்குப் போறா. சம்பளம் 18,500. "அது அவ பூ வாங்கவும் போன் ரீசார்ஜுக்கும்"னு என் முன்னாடியே பெருமை பேசினவன் நீ. அந்தச் சம்பளத்துல மாசம் 139 ரூபா பிடிச்சு அவளுக்கு ஈ.எஸ்.ஐ. ஓடுது. அந்தச் சட்டத்துல குடும்பம்னு சொன்னா மொத ஆளு யாரு தெரியுமா? கணவன் இல்ல மனைவி. ஆம்பளைதான் சம்பாதிக்கணும், பொம்பளைதான் அண்டி இருக்கணும்னு அதுல எங்கயும் எழுதல. அவ கார்டுல உன் பேரை ஏத்திட்டா, அவ உழைப்புல உனக்கு வைத்தியம்.

புதுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேல போயிருக்கு. வேலைக்குப் போற பொம்பளையோட குடும்பத்துல, அவளை நம்பி இருக்கிற மாமனார் மாமியாரையும் சேர்த்திருக்கு. உன் அப்பன், அதான் என் அருமைப் புள்ள, "மருமக சம்பாத்தியத்துல ஒரு வாய் சாப்பிட மாட்டேன்"னு கல்யாணத்தன்னைக்குச் சபதம் போட்டான். மாத்திரை சாப்பாட்டுல சேராதுன்னு அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். பேரு கார்டுல ஏறுமா, எந்தக் காகிதம் வேணும்னு ஈ.எஸ்.ஐ. ஆபீஸ்ல போய்க் கேக்க வேண்டியது அவ பாடு. நீ போகாதே. ஆம்பளை கௌரவம் கெட்டுடும்.

"அதெல்லாம் எதுக்கு தாத்தா, எங்க கம்பெனியில குரூப் பாலிசி இருக்கு, மூணு லட்சம்"னு சொல்லுவே. சபாஷ். அந்தப் பாலிசியை மட்டும் படிச்சிடாதே. நாம தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணுலயும் சண்டை போடுற ஊர்க்காரங்க. பாலிசி நாலாவது பாஷையில இருக்கு. சுருக்கமா, புரியிற மாதிரி ஒரு தகவல் தாள் குடுக்கணும்னு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜனவரியில இருந்து விதி வெச்சிருக்கு. உள்ளூர் பாஷையில வேணும்னு கேட்டா அப்படியே குடுக்கணுமாம். கேட்டாத்தான். நீ கேக்க மாட்டேன்னு அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போனா நல்ல ஏ.சி. தனி ரூமா எடு. மாமியார் வீட்டு ஜனம் பார்க்க வரும், மானம் முக்கியம். மூணு லட்சம் பாலிசியில ரூம் வாடகை நூத்துக்கு ஒண்ணுன்னு போட்டிருந்தா ஒரு நாளைக்கு 3,000. நீ எடுத்தது 6,000 ரூம். நாலு நாளைக்கு 12,000 தானே கூடுதல், கட்டிடலாம்னு நெனைப்பே. அங்கதான் வேடிக்கை. நீ ரெண்டு மடங்கு ரூம்ல படுத்ததால, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் எல்லாத்துலயும் பாதியைத்தான் குடுப்பாங்க. அந்த வகையில பில்லு ஒரு லட்சம்னா 50,000 உன் தலையில. ஆக மொத்தம் 62,000. நாலு ராத்திரி ஏ.சி. காத்துக்கு 62,000 ரூபா. மருந்து, டெஸ்ட்டு, உள்ளே வைக்கிற கருவி இதுங்கள்ல இப்படி வெட்டக் கூடாதுன்னு விதி இருக்கு. ரூமுக்கு ரூம் ரேட்டு மாறாத ஆஸ்பத்திரியிலயும் வெட்டக் கூடாது. பில்லை வாங்கி இதைச் சரிபார்க்கவும் செய்யாதே. ஒடம்பு தேறின கையோட மனசு கெடக் கூடாது பாரு.

குடிக்கிற தண்ணி பாட்டில், துணி தொவைச்ச கூலி, மருந்து போட்டுக் குடுத்த பை, டயப்பர், இதுக்கெல்லாம் காசு கிடையாதுன்னு தனிப் பட்டியலே இருக்கு. காய்ச்சல், இருமல், சர்க்கரைக்கு டாக்டரைப் பார்த்துட்டு அன்னைக்கே திரும்பி வந்தா பல குரூப் பாலிசியில ஒரு பைசா வராது. மாசாமாசம் 2,000 ரூபாய்க்கு மாத்திரை வாங்குறவனுக்கு மூணு லட்சம் பாலிசி கையில இருக்கும், காசு பையில இருந்து போகும். ஈ.எஸ்.ஐ.க்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் அங்கதான்.

வேலையை விட்டா பாலிசியும் போச்சு. 45 வயசுல கம்பெனி கதவைச் சாத்துறப்ப உனக்குச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சேர்ந்திருக்கும், பாலிசி மட்டும் இருக்காது. அப்படிப் போறப்ப அதே இன்சூரன்ஸ் கம்பெனியில தனிப் பாலிசிக்கு மாறிக்க உரிமை உண்டு. காத்திருந்த வருஷங்களும் கணக்குல வரும். ஆனா கேக்கணும், கெடுவுக்குள்ள கேக்கணும். கடைசி நாள் கம்பெனியில மாலை போட்டு, கடிகாரம் குடுத்து, போட்டோ எடுக்கிற அவசரத்துல யாருக்கு ஞாபகம் வரும்?

"ஜி.எஸ்.டி. போயிடுச்சே தாத்தா"ன்னு கையைத் தட்டுனியே. 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் பாலிசிக்கு அந்த 18 சதவீதம் இல்ல. நெசம்தான். 20,000 ரூபா பிரீமியத்துக்கு 3,600 மிச்சம். தனியாப் பாலிசி எடுத்தவனுக்கு மிச்சம். கம்பெனி குரூப் பாலிசிக்கு அந்த 18 அப்படியே நிக்குது. அப்பா அம்மாவைச் சேர்க்கிறோம்னு உன் சம்பளத்துல பிடிக்கிறாங்களே, அதுலயும் வரி உண்டு. தனிப் பாலிசிக்காரனும் ரொம்பத் துள்ள வேணாம். இன்சூரன்ஸ் கம்பெனிங்க தங்க செலவுல கட்டுற வரியை முன்னால கழிச்சுக்கிட்டாங்க, இப்ப கழிக்க முடியாது. அந்தக் காசு ஏஜென்ட்டு கமிஷன்ல இருந்து வரலாம், வர்ற வருஷப் பிரீமியத்துல இருந்தும் வரலாம். அதனால புதுப்பிக்கிறப்ப போன வருஷ ரசீதைப் பக்கத்துல வெச்சு, வரி நீக்கின பிரீமியத்தை ஒப்பிட்டுப் பார்த்துடாதே. கைத்தட்டல் வீணாப் போயிடும்.

நல்ல சீர்திருத்தமே வரலையான்னு கேப்பே. வந்திருக்கு, மறைக்க மாட்டேன். 2024 மே மாசம் போட்ட உத்தரவுப்படி, பணம் கட்டாம சேர்றதுக்கு ஒரு மணி நேரத்துல அனுமதி சொல்லணும். வீட்டுக்குப் போறப்ப மூணு மணி நேரத்துல முடிக்கணும். அதுக்கு மேல இழுத்து ஆஸ்பத்திரி கூடுதலா வாங்கினா, அதை இன்சூரன்ஸ் கம்பெனியே குடுக்கணும். ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கு நாலு வருஷம் காத்திருன்னு சொன்னதை மூணு ஆக்குனாங்க. அஞ்சு வருஷம் விடாமக் கட்டினவன்கிட்ட, மோசடின்னு நிரூபிச்சா ஒழிய, "அன்னைக்கு இதைச் சொல்லலையே"ன்னு மறுக்க முடியாது. முந்தி அது எட்டு வருஷம். பாலிசி எடுக்கிறப்பவே "எனக்குச் சர்க்கரை இருக்கு"ன்னு சொல்லி எழுதி வெச்சவனுக்கு இந்த விதியெல்லாம் கவசம். ஏஜென்ட்டு "அதெல்லாம் போடாதீங்க, நான் பார்த்துக்கறேன்"னு சொன்னா நீ நம்பு. ஆஸ்பத்திரியில படுத்திருக்கப் போறது அவரு இல்லையே.

கிளெய்ம் மறுத்துட்டாங்கன்னா ஒரு வாரம் டீக்கடையில நின்னு திட்டு, அப்புறம் மறந்துடு. மொதல்ல கம்பெனிக்கு எழுதி, முப்பது நாள்ல பதில் வராட்டியோ, வந்த பதில் ஒப்பலைன்னாலோ, ஒரு வருஷத்துக்குள்ள சென்னையில இருக்கிற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம்னு யாராவது சொல்லுவாங்க. 50 லட்சம் வரைக்கும் விசாரிப்பாரு, காசு கிடையாது, வக்கீல் வேணாம். இவ்வளவு சுலபம்னு தெரிஞ்சா திட்டுறதுல சுவை இருக்காது. போகாதே.

நம்ம எல்லைச் சங்கதிக்கு வர்றேன். ஓசூர்க்காரனுக்குப் பெரிய வியாதின்னா ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி, பொம்மசந்திரா பக்கம்தான் கால் போகும். "அந்த ஆஸ்பத்திரி நம்ம பட்டியல்ல இருக்கா"ன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு ஆம்புலன்ஸ்ல இருந்து போன் அடிக்கிறது ஊர் வழக்கம். 2024 ஜனவரியில பொதுக் காப்பீட்டு கவுன்சில் ஒண்ணு சொல்லுச்சு. 15 படுக்கைக்குக் குறையாம, முறையாப் பதிஞ்ச ஆஸ்பத்திரியா இருந்தா, பட்டியல்ல இல்லாட்டியும் பணம் கட்டாம வைத்தியம் கேக்கலாம். முன்கூட்டியே முடிவான ஆபரேஷனுக்கு 48 மணி நேரம் முன்னால தகவல், அவசரம்னா சேர்ந்த 48 மணி நேரத்துக்குள்ள தகவல். போன் நம்பரு கார்டுல இருக்கு. கார்டு எங்க இருக்கு? பீரோவுல, பட்டுப்புடவைக்கு அடியில. சாவி? கேக்காதே.

வண்டியில விழுறதா இருந்தா எல்லைக்கு இந்தப் பக்கம் விழுன்னு ஒரு காலத்துல நான் யோசனை சொல்லிக்கிட்டிருந்தேன். 2021 டிசம்பர் 18ல மேல்மருவத்தூர்ல ஆரம்பிச்ச "இன்னுயிர் காப்போம்" திட்டம், தமிழ்நாட்டு எல்லைக்குள்ள அடிபட்டவன் எந்த ஊர்க்காரனா இருந்தாலும் மொத 48 மணி நேரத்துக்கு இலவச வைத்தியம்னு சொல்லுச்சு. மொதல்ல ஒரு லட்சம் வரைக்கும், அப்புறம் ரெண்டு லட்சம். 2025 மே மாசம் மத்திய அரசு நாடு முழுக்க ஒரு திட்டம் கொண்டு வந்து, ரோட்டு விபத்துக்கு ஏழு நாள், ஒண்ணரை லட்சம் வரைக்கும்னு ஆக்கிடுச்சு. என் யோசனை பழசாப் போச்சு. இப்ப நீ எந்தப் பக்கம் வேணும்னாலும் விழலாம். ஹெல்மெட்டை மாத்திரம் வழக்கம் போல பெட்ரோல் டேங்க் மேலேயே வெச்சிக்கோ. அதுக்குத்தான் தலைக்காயம் வராம இருக்கணும்.

அந்தப் பக்கம் கர்நாடகாவுல கூட்டுறவு விவசாயிங்களுக்கு யசஸ்வினின்னு ஒரு திட்டம் ஓடுச்சு. 2003ல மாசம் அஞ்சு ரூபா கட்டினவனுக்கு ஆபரேஷன். நம்ம ஜனம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பொறாமைப்பட்டுச்சு. 2018ல அதைப் பொதுத் திட்டத்தோட கலைச்சாங்க, 2022ல திரும்பத் தனியா எடுத்தாங்க. இடையில அதை நம்பி இருந்தவன் எந்தக் கார்டைக் காட்டுறதுன்னு தெரியாம நின்னிருப்பான். அமெரிக்காவுல 2010ல ஒபாமா பெரிய சட்டம் கொண்டு வந்தப்ப, உங்க பாலிசி பிடிச்சிருந்தா அதையே வெச்சுக்கலாம்னு திரும்பத் திரும்பச் சொன்னாரு. 2013 கடைசியில லட்சக்கணக்கான வீட்டுக்குப் பாலிசி ரத்துன்னு கடுதாசி போச்சு, அவரும் வருத்தம் தெரிவிச்சாரு. பழைய வியாதிக்காரனுக்குப் பாலிசி இல்லன்னு சொல்லக் கூடாதுன்னு கொண்டு வந்ததும் அதே சட்டம்தான். பெங்களூரோ வாஷிங்டனோ, பெரியவங்க நல்லது செய்யக் கெளம்பினா சின்னவன் தன் கார்டை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கிறது நல்லது.

"முதலமைச்சர் காப்பீடு இருக்கே"ன்னு அம்மா சொல்லுவா. 2009ல கலைஞர் பேர்ல ஆரம்பிச்சு, 2012ல ஜெயலலிதா காலத்துல முதலமைச்சர் பேருக்கு மாறி, 2018ல மத்தியத் திட்டத்தோட சேர்ந்து, குடும்பத்துக்கு வருஷம் அஞ்சு லட்சம் வரைக்கும் வந்து நிக்குது. வருமான வரம்பு 72,000ல இருந்து 2022ல 1,20,000 ஆச்சு. மாசத்துக்குப் பத்தாயிரம். உன் சம்பளம் வருஷத்துக்கு 2,59,200. ஏழைக்குப் போட்ட வரம்பையும் தாண்டிட்டே, தொழிலாளிக்குப் போட்ட வரம்பையும் தாண்டிட்டே. பணக்காரனைக் கேட்டா, நீ இன்னும் அந்தப் பக்கம் வரலைங்கிறான். எந்தச் சீர்திருத்தம் வந்தாலும் நடுவுல நிக்கிற உன்னை மட்டும் யாரும் தேடி வரல. நீதான் போய்க் கதவைத் தட்டணும். தட்டுறதுக்குத்தான் உனக்கு வெக்கம்.

தேடி வந்ததும் ஒண்ணு உண்டு. 2021 ஆகஸ்ட் 5ல நம்ம மாவட்டத்து சாமனப்பள்ளியிலதான் "மக்களைத் தேடி மருத்துவம்" ஆரம்பிச்சாங்க. பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருது. உன் பாலிசி நீ பக்கவாதத்துல விழுந்த அப்புறம் காசு குடுக்கும். அந்த மாத்திரை விழாம இருக்க வைக்கும். உன் அப்பன் அதை வாங்கி அலமாரியில அடுக்கி வெச்சிருக்கான், ஓசியில வர்றது வேலை செய்யாதாம். 40 வயசு தாண்டின தொழிலாளிக்கு வருஷம் ஒரு தடவை இலவச ஒடம்புப் பரிசோதனைன்னு புதுத் தொழிலாளர் சட்டத்துல இருக்கு. அந்த நாள் லீவு போட்டுடணும்னு உங்க ஃபோர்மேன் இப்பவே திட்டம் போட்டிருப்பாரு.

உன் கான்ட்ராக்ட்டு கூட்டாளிங்ககிட்டயும் சொல்லி வை. அவங்க ஈ.எஸ்.ஐ. பணத்தைக் கான்ட்ராக்டர் கட்டாட்டி, வேலை வாங்குற பெரிய கம்பெனி கட்டியாகணும். அப்ரண்டிஸ் சட்டத்துல எடுத்த பசங்களுக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது. தான் அப்ரண்டிஸா, டிரெய்னியா, தொழிலாளியான்னு கையில இருக்கிற காகிதத்தைப் பார்க்கச் சொல்லு. மெஷின்ல கை மாட்டின அப்புறம் அந்தக் காகிதத்தைத் தேடக் கூடாது.

என்னைப் பத்திக் கவலைப்படாதே. 65 வயசுக்கு மேல பாலிசி கிடையாதுங்கிற வரம்பை 2024ல எடுத்துட்டாங்க. சந்தோஷத்துல ஒரு ஏஜென்ட்டைக் கூப்பிட்டு விசாரிச்சேன். கதவு தெறந்துதான் இருக்கு, பிரீமியம்தான் வாசப்படியில காலை நீட்டி உக்காந்திருக்கு. அவரு சொன்ன தொகைக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம். பெரியவங்களுக்கு வருஷத்துல பத்து சதவீதத்துக்கு மேல ஏத்தணும்னா ஆணையத்துகிட்ட கலந்து பேசணும்னு 2025 ஜனவரியில சொல்லியிருக்காங்களாம். ஏத்துறதுக்குத்தான் அந்தக் கட்டு. ஆரம்பத் தொகை அவங்க வெச்சதுதானே.

இவ்வளவு நேரம் பேசினேன். நீ தலையை ஆட்டினே, நடுநடுவுல போனைப் பார்த்தே, இன்னும் ரெண்டு மைசூர்பாகு தின்னே. திங்கட்கிழமை எச்.ஆர்.கிட்ட எதையும் கேக்க மாட்டே. தகவல் தாளைத் தமிழ்ல வாங்க மாட்டே. 21,000க்கு எதை அளந்தாங்கன்னு விசாரிக்க மாட்டே. எனக்குத் தெரியும், உன் அப்பனைப் பெத்தவன் நான்.

நீ போய் ஷிப்ட்டு பஸ்ஸைப் பிடி. ஞாயித்துக்கிழமை உன் பொண்டாட்டியை மட்டும் இங்க வரச் சொல்லு. கார்டு அவ பேர்ல இருக்கு, கேக்குற வாயும் அவகிட்டதான் இருக்கு.